வீட்டுக்குள் வைத்த நோய்: தமிழகத்தில் வலிப்பும் குடும்பமும்

தமிழில் 'வலித்தல்' என்னும் வினைக்கு நோதல் என்பது ஒரு பொருள், இழுத்தல் என்பது மற்றொரு பொருள். துடுப்பு வலித்தல் என்ற வழக்கில் நிற்பது இந்த இரண்டாம் பொருளே. கைகால்களை ஏதோ ஒன்று பற்றி இழுப்பதுபோலத் தோன்றிய நோய்க்கு 'வலிப்பு' என்ற பெயர் அமைந்ததும் அதிலிருந்துதான். பேச்சு வழக்கில் உள்ள 'காக்காய் வலிப்பு' என்பதில் காகத்துக்கு இடமில்லை. 'கால்கை வலிப்பு' என்பதே நாவில் தேய்ந்து அவ்வாறாயிற்று என்பர். மூளை நரம்பணுக்களின் மின்துடிப்பு திடீரென அளவு மீறுவதால் சிறிது நேரத்துக்கு நினைவும் உடலின் கட்டுப்பாடும் தவறிப்போகும் நிலை என்று இன்றைய மருத்துவம் விளக்கும் இந்நோய்க்கு, மூன்றாவதாக இன்னும் பழைய பெயர் ஒன்றும் உண்டு. அது முயலகன்.

நடராசர் திருவடியின்கீழ்க் கிடக்கும் குறள் வடிவினன் முயலகன். வடமொழி அவனை அபஸ்மாரன் என்கிறது. 'அபஸ்மாரம்' என்பது நினைவு நீங்குதல் என்னும் பொருளுடன் சரக சம்ஹிதையிலும் சுசுருத சம்ஹிதையிலும் வலிப்பு நோயின் பெயராகவே வருகிறது. தத்துவ நூலார் அவனை அறியாமையின் உருவம் என்று விளக்கியபோதும், மருத்துவரும் மக்களும் அதே பெயரால் ஒரு நோயைச் சுட்டிவந்தனர் என்பது காவிரியின் வடகரையில் திருச்சிராப்பள்ளிக்கு அருகே உள்ள திருவாசி என்னும் திருப்பாச்சிலாச்சிராமத்தின் வரலாற்றால் புலனாகிறது. கொல்லி மழவன் என்னும் சிற்றரசனின் மகள் முயலகன் நோயால் துன்புற்றாள் என்றும், மருந்தும் பிறவும் பயன் தராமையால் தந்தை அவளைக் கோயிலில் கொண்டுவந்து இறைவன் முன்னிலையில் கிடத்தினான் என்றும், அங்கு வந்த திருஞானசம்பந்தர் பதிகம் பாடியதும் அவள் எழுந்து தந்தையின் பக்கத்தில் வந்து நின்றாள் என்றும் 12ஆம் நூற்றாண்டின் பெரியபுராணம் கூறுகிறது. அக்கோயிலின் நடராசர் முயலகனை விடுத்துப் பாம்பின்மேல் நின்றாடுவதற்கும் இந்நிகழ்ச்சியையே தலபுராணம் காரணமாகக் காட்டும்.

அற்புதத்தை நம்புவோர் நம்பட்டும். சமூக வரலாற்றை நோக்குவோர்க்கு இக்கதையில் முதன்மையானவன் தந்தையே. தன் நாட்டின் தலைவனாகிய ஒருவன், மகளின் நோயை அந்தப்புரத்துக்குள் மூடிவைக்காமல், ஊரார் வந்துபோகும் கோயிலில் அவளைக் கிடத்தித் தானும் உடனிருந்தான். பின்வந்த நூற்றாண்டுகளின் தமிழ்க் குடும்பம் இந்நோயிடம் நடந்துகொண்ட முறை இதற்கு நேர்மாறாக அமைந்தது. வலிப்பு கண்டவரை வீடு கைவிடவில்லை. ஆனால் வெளியே காட்டவும் இல்லை.

வீட்டின் கவனிப்பு எத்தகையது என்பதை அதன் விலக்குகளிலிருந்தே அறியலாம். கிணற்றடிக்குத் தனியே போகக்கூடாது, ஆற்றில் இறங்கக்கூடாது, அடுப்பருகே உட்காரக்கூடாது, மரமேறக்கூடாது, இரவில் ஒருவர் அருகில் படுக்கவேண்டும் என்னும் இவ்விலக்குகள் ஏட்டில் எழுதப்படாமல் தாயிடமிருந்து பாட்டிக்கும் அத்தைக்கும் தமக்கைக்கும் பகிரப்பட்ட காவல் முறைகளாகும். நீரில் மூழ்குதலும் தீக்காயமும் வலிப்பு நோயர்க்கு உண்மையாகவே நேரும் பெருந்தீங்குகள் ஆதலால், இவற்றுள் பெரும்பாலானவற்றை இன்றைய மருத்துவரும் மறுக்கமாட்டார்.

அதே வீட்டில்தான் இரும்புச் சாவியும் இருந்தது. வலிப்பு கண்டவரின் கைக்குள் சாவிக்கொத்தையோ வேறு இரும்புத் துண்டையோ திணிக்கும் வழக்கம், பேய் பிசாசுகள் இரும்புக்கு அஞ்சும் என்ற பழைய நம்பிக்கையோடு தொடர்புடையது. பிள்ளை பெற்றவளின் அருகில் இரும்பு வைப்பதும் அந்நம்பிக்கையின் கிளையே. பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தாமாகவே அடங்கிவிடுகின்றன. சாவியைத் தேடியெடுத்து, மடங்கிய விரல்களைப் பிரித்து, உள்ளே வைப்பதற்கு ஆகும் நேரமும் ஏறத்தாழ அதுவே. ஆகவே ஒவ்வொரு முறையும் சாவி 'பலித்தது'. இத்தனை தலைமுறைகளாகத் தோல்வியே காணாத மருந்து வேறொன்று இருக்க இயலாது. இரும்பால் நோயர்க்குப் பெரிய கேடு இல்லை என்பது உண்மையாயினும், பற்களுக்கிடையே கரண்டியைத் திணிப்பதும் நினைவு திரும்புமுன் வாயில் நீர் ஊற்றுவதும் உயிருக்கே ஆபத்தாகலாம். ஒருக்களித்துப் படுக்கவைத்தலும், தலைக்கு மெத்தென்ற ஏதேனும் கொடுத்தலும், ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுதலுமே செய்யத்தக்கவை.

தென்னிந்திய வீட்டு வாழ்க்கைக்கே உரியது என்னுமளவுக்கு நெருங்கிய ஒரு வகை வலிப்பும் உண்டு. தலைக்குச் சுடுநீரைச் செம்பு செம்பாக விரைந்து ஊற்றும்போது சிலர்க்கு, பெரும்பாலும் சிறுவர்க்கு, வலிப்பு வருவதைப் பெங்களூரின் நரம்பியல் அறிஞர் கே.எஸ். மணியும் அவர் குழுவினரும் 1968இல் மருத்துவ இதழில் விவரித்தனர். இது 'வெந்நீர் வலிப்பு' எனப்படுகிறது. உலகின் பிற பகுதிகளில் அரிதாகவும் தென்னிந்தியாவில் மிகுதியாகவும் காணப்படும் இதற்கு முதல் தீர்வு, குளிப்பாட்டும் கைகளிலேயே இருக்கிறது: நீரின் சூட்டைக் குறைத்து, உடலை முதலில் நனைத்து, தலைக்குப் பைய ஊற்றினாலே பலர்க்கு வலிப்பு தவிர்ந்துவிடும்.

ஐரோப்பாவும் அமெரிக்காவும் சென்ற வழி வேறு. செருமனியின் பீலஃபெல்டு நகருக்கருகே 1867இல் தொடங்கப்பட்ட பெத்தேல், இங்கிலாந்தில் 1894இல் எழுந்த சால்ஃபான்ட் முதலியன வலிப்பு நோயர் தங்கி உழைத்து வாழ்வதற்கென்றே அமைந்த குடியிருப்புகள். அவற்றில் கருணையும் இருந்தது, ஊரிலிருந்து பிரித்துவைக்கும் நோக்கமும் இருந்தது. தமிழகத்தில் அத்தகைய குடியிருப்புகள் பெருகவில்லை. காலனிய அரசின் மனநோய்க் காப்பகங்களுக்குள் வலிப்பு நோயருள் ஒரு சிலர் சென்றனர், மற்றவரெல்லாம் தாயின் பார்வைக்கு எட்டும் தொலைவில் திண்ணையிலும் தாழ்வாரத்திலும் வாழ்ந்து முடித்தனர். இதனைக் கூட்டுக்குடும்பத்தின் பெருமையாக மட்டும் பேசுவது பாதி வரலாறு. போவதற்கு வேறிடமில்லை என்பதும், காவலின் சுமை முழுவதும் பெண்கள்மீது விழுந்தது என்பதும் மறுபாதி.

மருந்துகளின் கதையை விரைவாகவே சொல்லிவிடலாம். 1857இல் புரோமைடு உப்பும், 1912இல் ஃபீனோபார்பிட்டோனும், 1938இல் ஃபெனிட்டாயினும் வந்தன. பின்னிரண்டும் தமிழ் வீடுகளில் கார்டினால், எப்டாயின் என்னும் வணிகப் பெயர்களாலேயே அறியப்பட்டன. ஜேக்கப் சாண்டி 1949இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும், பி. ராமமூர்த்தி 1950இல் சென்னை அரசு பொது மருத்துவமனையிலும் நரம்பு அறுவை மருத்துவப் பிரிவுகளைத் தொடங்கிய பின்னர், கோயிலுக்கும் தாயத்துக்கும் அப்பால் குடும்பங்கள் நாடிச்செல்ல ஓரிடம் உண்டாயிற்று. தமிழக எல்லையை ஒட்டிய கர்நாடகப் பகுதியான எளந்தூரில் மணி நடத்திய ஊரகத் திட்டம், விலை குறைந்த இவ்விரு மாத்திரைகளைக் கொண்டே பலருடைய வலிப்பைக் கட்டுப்படுத்தலாம் என்று காட்டியது.

குடும்பங்களைப் பொறுத்தவரை இவற்றைக் காட்டிலும் முக்கியமான கண்டுபிடிப்பு ஒன்று வேலூரில் நிகழ்ந்தது. வலிப்புடன் வந்த பலரின் மூளைப் படங்களில் தெரிந்த சிறு கட்டியைக் காசநோய்க் கட்டி என்று கருதி நெடுநாள் மருந்து கொடுப்பதே 1980களில் வழக்கமாக இருந்தது. அவற்றுட் பெரும்பாலானவை பன்றி நாடாப்புழுவின் இளம்பருவம் மூளையில் தங்கியதால் உண்டானவை என்பதை வேலூர் மருத்துவர்கள் அக்காலத்திலேயே அறுவைவழி எடுத்த திசுக்களை ஆராய்ந்து நிறுவினர். புழுவின் முட்டை கழுவாத கையாலும் அசுத்தமான உணவாலும் நீராலும் பரவுவதாகையால் இறைச்சியே உண்ணாதவர்க்கும் இது வரும். பரம்பரைக் குற்றம், முன்னோர் சாபம், சாதகதோசம் என்றெல்லாம் ஒரு வீட்டின்மேல் சுமத்தப்பட்ட பழி, உண்மையில் பலவிடங்களில் ஊரின் கழிவுநீர் ஏற்பாட்டைச் சேரவேண்டிய பழியாகும்.

ஆயினும் பழி வீட்டைவிட்டு நீங்கவில்லை; காரணம் திருமணம். ஒரு பெண்ணுக்கு வலிப்பு என்று தெரிந்தால் அவளுக்கு மட்டுமின்றி அவளுடைய தங்கைகளுக்கும் வரன் அமையாது என்னும் அச்சமே கவனிப்பையும் மறைப்பையும் ஒரே கயிற்றில் முறுக்கியது. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் முதலில் வலிப்பைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. 1976ஆம் ஆண்டுத் திருத்தமே, மனப்பிறழ்வோ வலிப்போ திரும்பத் திரும்ப வரப்பெற்றவர் மணம் செய்துகொள்ளத் தகுதியற்றவர் என்னும் நிபந்தனையை அதன் 5ஆம் பிரிவில் சேர்த்தது. இதனை மீறிய மணத்தை மற்றவர் வேண்டினால் நீதிமன்றம் செல்லாததாக்கலாம் என்றாயிற்று. இங்கிலாந்தின் 1937ஆம் ஆண்டுச் சட்டத்தில் இத்தகைய விதி இருந்தது. அந்நாடு அதனை 1971இல் கைவிட்டுவிட்டது. அங்கே கழித்ததை ஐந்தாண்டு கழித்து இங்கே எடுத்துப் புகுத்திய செயலுக்கு மருத்துவக் காரணம் எதுவும் காண இயலாது. சடங்குகளைத் துறந்து 1967இல் தமிழ்நாட்டில் சட்ட ஏற்புப் பெற்ற சுயமரியாதைத் திருமணமும் 5ஆம் பிரிவுக்கு உட்பட்டதே ஆதலால், பகுத்தறிவுக் குடும்பத்துக்கும் இதிலிருந்து விலக்குக் கிடைக்கவில்லை.

சட்டத்தின் விளைவு, நோயை மறைத்து மணமுடித்த குடும்பங்கள் இன்னும் ஆழமாக மறைக்கவேண்டி வந்ததே. மணநாளையொட்டித் தூக்கம் கெடுவதும் மாத்திரையை ஒரு வேளை தவறவிடுவதும் வலிப்பைத் தூண்டும் காரணங்களுள் முதன்மையானவை. புகுந்த வீட்டில் மாத்திரைப் பட்டையை ஒளித்துவைத்து விழுங்கவேண்டிய மணப்பெண்ணுக்கு இவ்விரண்டும் ஒன்றாகவே நேர்ந்தன. பெற்றோர் எந்நாளும் அஞ்சிய அந்த வலிப்பு, அவர்கள் சொல்லாமல் விட்டதாலேயே, அவர்கள் அருகில் இல்லாத இடத்தில் வந்தது.

1999ஆம் ஆண்டின் திருத்தம், 5ஆம் பிரிவிலிருந்தும் தனித்திருமணச் சட்டத்திலிருந்தும் வலிப்பு என்ற சொல்லை நீக்கியது. அதற்கு முந்தைய ஆண்டில் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில், வலிப்புள்ள பெண்களின் மகப்பேற்றைத் தொடர்ந்து பதிவுசெய்யும் கேரளப் பதிவேடு தொடங்கப்பட்டிருந்தது. தக்க மருந்தும் முன்கூட்டிய மருத்துவ ஆலோசனையும் இருந்தால் அவர்களுள் மிகப் பெரும்பாலோர் நலமான குழந்தைகளையே பெறுகின்றனர் என்பதை அப்பதிவேடு காட்டியது. ஆகவே பெண் பார்க்க வரும் வீட்டாரிடம் வலிப்பை மறைப்பதற்குச் சட்டமும் மருத்துவமும் தந்த காரணங்கள் இரண்டும் இன்று இல்லை. மகளின் மாத்திரைச் சீட்டை நிச்சயதார்த்தத்துக்கு முன்பே அவர்கள் கையில் கொடுக்கும் பெற்றோரே கொல்லி மழவன் செய்ததைச் செய்கிறவர்கள்.