கொம்புமுறி: பிணைப்பும் முறிவும்

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரை, படுவான்கரை ஊர்களில் கண்ணகை அம்மன் வழிபாடு வேரூன்றி நிலவுகின்றது. அம்மனின் சினந்தணித்து, மழையும் நோயற்ற வாழ்வும் வேண்டி அங்கு நிகழ்த்தப்பட்ட சடங்கே கொம்புமுறி விளையாட்டாகும்.

ஊரார் கோவலன் பக்கமான வடசேரி, கண்ணகி பக்கமான தென்சேரி என இரு வாரங்களாகப் பிரிந்து நிற்பர். முனை வளைந்த, வைரம் பாய்ந்த மரக்கொம்பொன்றை ஒவ்வொரு வாரத்தாரும் தேர்ந்தெடுப்பர். அவ்விரு வளைவுகளையும் ஒன்றோடொன்று கொளுவிக் கயிற்றாற் பிணைத்து, ஒன்று முறியும்வரை வடம்பிடித்து இழுப்பர். முறியாத கொம்பினர் வென்றோராவர். பிணைப்பு நழுவினால் எக்கொம்பின் வலிமையும் புலப்படாது. ஆகவே, எதிர்ப்பக்கத்தின் கொம்போடு தம் கொம்பை இறுகப் பொருத்துவது இரு சாராருக்கும் பொதுவான தேவையாயிற்று. பிரிந்து நின்ற ஊர், அப்பிணைப்பிலேயே ஒன்றுபட்டது.

சிங்கள மக்கள் பத்தினித் தெய்வத்துக்கு நிகழ்த்திய 'அங்கெலிய'வும் இத்தகையதே. 1984இல் வெளியான கணநாத் ஒபயசேகரவின் பத்தினி வழிபாட்டு ஆய்வு அதனை விரிவாக ஆராய்கின்றது. வித்துவான் வி. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' 1964இலேயே இப்பகுதியின் மரபுகளைப் பதிவு செய்தது.

இன்று கொம்புமுறி அரிதாகிவிட்டது. அதன் பாடல்களை ஏடுகள் காக்கும். எவ்வளைவு எவ்வளைவுக்குப் பொருந்தும் என்னும் கைத்தேர்ச்சியோ, கொம்பைப் பிணைக்கும் கைகளிலன்றி வேறெங்கும் வாழாது.