மின்சாரம் வெப்பமாகும் விந்தை: யூல் கண்ட உண்மை

மின்குமிழில் ஒளிரும் இழையையும், இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்றும் கம்பிச் சுருளையும் நாம் நாடோறும் காண்கின்றோம். கம்பியினூடே மின்சாரம் பாயக் கம்பி சூடாகின்றது. இவ்வெப்பம் எங்கிருந்து வந்தது? இவ்வினாவிற்கு விடை காணும் முயற்சியே விஞ்ஞான சரித்திரத்திற் பெரியதொரு திருப்பத்தை உண்டாக்கிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அறிஞர் பலர் வெப்பத்தை நிறையற்றதொரு பாய்பொருள் எனக் கருதினர். அது ஒரு பொருளிலிருந்து பிறிதொன்றிற்குச் செல்லுமேயன்றி, ஆக்கமும் அழிவும் அதற்கில்லை என்பது அவர்தம் கொள்கை.

இக்கொள்கையை அசைத்தவருள் முதன்மையானவர் ஜேம்ஸ் பிறெஸ்கொற் யூல். 1818ஆம் ஆண்டு, இங்கிலாந்தில் மான்செஸ்ரரை அடுத்த சல்போட்டில், பியர் காய்ச்சுந் தொழில் நடத்திய குடும்பத்திற் பிறந்தார். அணுக்கொள்கை தந்த ஜோன் டால்ரனிடம் சிலகாலம் பயின்றார். பல்கலைக்கழகத்திற் கற்றவரல்லர், பேராசிரியர் பதவி வகித்தவருமல்லர்.

1840இல், மெல்லிய கண்ணாடிக் குழாயிற் கம்பியைச் சுற்றி, அளந்தெடுத்த நீரில் அமிழ்த்தி, மின்னோட்டத்தைச் செலுத்தினார். நீரின் வெப்பநிலை ஏறுவதை வெப்பமானியாற் குறித்தார். மின்னோட்டம் இருமடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். மும்மடங்கானால் ஒன்பது மடங்காகும். கம்பியின் தடை இருமடங்கானால் வெப்பமும் இருமடங்காகும். இதுவே யூலின் விதி. இலண்டன் றோயல் சங்கம் அக்கட்டுரையின் சுருக்கத்தை மட்டுமே வெளியிட்டது. முழுக்கட்டுரை 1841இல் வேறொரு சஞ்சிகையில் வெளிவந்தது. 1842இல் ருஷிய அறிஞர் லென்சும் தனித்து ஆராய்ந்து இவ்விதியையே வெளியிட்டார்.

ஆயினும் ஓர் ஐயம் எஞ்சியது. மின்கலத்தில் இருந்த வெப்பமே கம்பிக்கு வந்தது என்று கூறலாமன்றோ? அதனைத் தீர்க்க, யூல் 1843இல் மின்கலமின்றியே மின்சாரம் பிறப்பித்தார். காந்தத்தின் முனைகளுக்கிடையே, நீர் நிறைந்த குழாயினுள் வைத்த கம்பிச் சுருளைச் சுழற்றினார். நீர் சூடாயிற்று! வெப்பத்தைக் கொண்டுவர அங்கே மின்கலம் இல்லை. சுழற்றுதற்குச் செய்த வேலையே மின்சாரமாகி, மின்சாரமே வெப்பமாயிற்று. வீழும் நிறைகளால் அப்பொறியை இயக்கி, இவ்வளவு வேலைக்கு இவ்வளவு வெப்பம் என்றும் கணித்தார்.

அவ்வாண்டு கோர்க் நகரிற் கூடிய பிரித்தானிய விஞ்ஞான மகாசபையில் இதனை எடுத்துரைத்தபோது அவையோர் பொருட்படுத்தினாரல்லர். யூல் சோர்ந்தாரல்லர். நீரைத் துடுப்புச் சக்கரத்தாற் கலக்கி மீண்டும் அளந்தார். 1847இல் ஒக்ஸ்போட்டில் அவர் பேசியபோது, பின்னாளிற் கெல்வின் பிரபுவாகிய இளம் பேராசிரியர் வில்லியம் தொம்சன் அதன் அருமையை உணரத் தொடங்கினார். 1850இல் றோயல் சங்கமும் யூலை அங்கத்தவராக ஏற்றது.

கம்பியில் ஓடும் இலத்திரன்கள் அணுக்களோடு மோதித் தம் சத்தியை இழக்க, அணுக்களின் அதிர்வு மிகுகின்றது. அதனையே நாம் சூடு என்கிறோம். மின்சாரத்தை நெடுந்தூரங் கொண்டுசெல்வோர் அழுத்தத்தை உயர்த்தி ஓட்டத்தைக் குறைப்பதும் யூலின் விதி கருதியே. ஓட்டத்தைப் பாதியாக்கினால் வெப்பமாய் வீணாவது காற்பங்காகுமன்றோ!

1889இல் சர்வதேச மின்சார மகாநாடு சத்தியின் அலகிற்கு அவர் பெயரையே சூட்டிற்று. அவ்வாண்டு ஒற்றோபரில் அவர் மறைந்தார். அவர் கல்லறையில் 772.55 என்னும் எண் பொறிக்கப்பட்டுள்ளது. ஓர் இறாத்தல் நீரின் வெப்பநிலையை ஒரு பாகை பரனைற்று உயர்த்த வேண்டிய வேலையை அடி-இறாத்தலில் அவர் அளந்து கண்ட அளவு அது.

இளைஞர்காள்! பட்டமும் பதவியும் இல்லாத ஒருவர் கூறினார் என்பதற்காக உண்மை பொய்யாகிவிடாது. ஆனால், அதனை நிலைநாட்டப் பிழையற்ற அளவையும் தளராத பொறுமையும் வேண்டும். யூலின் வரலாறு நமக்கு உணர்த்துவது இதுவே.