தோட்டமெனும் குடும்பம்

ஜாசின் மாவட்டத்துப் பெம்பான் வட்டாரத்தில் பால்மரங்களின் இடத்தைச் செம்பனை பிடித்துக்கொண்டது. லயங்கள் பல இருந்த சுவடு தெரியாமல் மறைந்தன. ஆயினும் அப்பகுதித் தோட்டங்களில் பிறந்து வளர்ந்து, பின்னர் ஜாசினிலும் மலாக்கா நகரிலும் குடியேறிய முதியோர் ஒரு திருமணப் பந்தலில் கூடினால் ஒரு பேச்சு தவறாமல் எழும்: அக்காலத்தில் தோட்டமே ஒரு குடும்பமாக இருந்தது என்பதே அது. ஒரு வீட்டில் அடுப்பு எரியாவிடில் மறுவீடு சோறு தந்தது. திருவிழாவைக் கங்காணி முன்னின்று நடத்தினார். பிணக்குகளை அவரே தீர்த்தார். அவர் தந்தைபோல் விளங்கினார் என்று தம் பெற்றோர் சொல்லக் கேட்டதையும் அவர்கள் சொல்வர்.

இந்நினைவு பொய்யன்று. ஆனால் குடும்பத்தில் தந்தையின் கணக்கை யாரும் கேட்பதில்லை. தந்தைமேல் முறையிடவும் யாரும் துணிவதில்லை. தொழில் நடக்கும் இடத்தைக் குடும்பம் என்று அழைத்ததால் நம் முன்னோர்க்கு விளைந்தது யாது என்பதைத் தோட்ட வரலாறு போலத் தெளிவாகக் காட்டும் வரலாறு பிறிதில்லை.

மலாக்காவுக்கு இவ்வரலாற்றில் முதலிடம் உண்டு. தாவரவியலறிஞர் ரிட்லியின் தூண்டுதலால் டான் சாய் யான் என்னும் சீன வணிகர் 1896-ஆம் ஆண்டில் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். மலாயாவில் வணிக நோக்குடன் எழுந்த முதல் ரப்பர்த் தோட்டம் அதுவே. பின்னர் அவர் புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் ஒன்றை உருவாக்கினார். ரப்பர் விலை உயர உயர, காட்டை அழிக்கவும் மரம் சீவவும் ஆயிரக்கணக்கான கைகள் தேவைப்பட்டன. அக்கைகள் தஞ்சையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் வட ஆர்க்காட்டிலிருந்தும் வந்தன.

முதலில் அவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக வந்தனர். ஒப்பந்தக் கூலிமுறை கொடியது. வேலையை விட்டு ஓடியவனைச் சிறையிலிட்ட முறை அது. 1910-ஆம் ஆண்டில் அது ஒழிக்கப்பட்டபோது மகிழாதார் இலர். அதற்கு முன்பே, 1907-இல், தமிழர் குடியேற்ற நிதிச் சட்டம் வந்திருந்தது. தோட்ட முதலாளிகளிடம் தண்டிய பணத்தைக்கொண்டு கப்பற் செலவை அந்நிதி ஏற்றது. இனி வருபவன் கைந்நாட்டு வைத்த அடிமையல்லன். ஒரு மாத முன்னறிவிப்புத் தந்து விலகக்கூடிய உரிமையாளன். சட்டத்தின் ஏட்டில் அவனுக்குமேல் ஒப்பந்தம் இல்லை, தளை இல்லை.

அப்படியாயின் அவனைத் தோட்டத்தில் நிறுத்தி வைத்தது எது? கங்காணி முறையே. அம்முறை ஒப்பந்தக் கூலிமுறையோடு உடன் வளர்ந்து, அது ஒழிந்ததும் தனியாட்சி பெற்றது. தோட்டத் துரை, தம்மிடம் வேலை செய்யும் நம்பிக்கையான ஒருவருக்கு உரிமச்சீட்டும் முன்பணமும் தந்து ஊருக்கு அனுப்புவார். அவர் தம் சொந்த ஊருக்கே போவார். தம் உறவினரையும் தம் சாதியாரையும் அண்டை வீட்டாரையும் அழைத்து வருவார். நாகப்பட்டினத்துக் கூடாரத்தில் தங்கவைத்துக் கப்பலேற்றுவார். இங்கு வந்தபின் அவர்கள் அவருடைய ஆட்கள். வேலைக்கு வந்த ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு இவ்வளவு என்று கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது; இரண்டு காசு என்பது பரவலாக வழங்கிய அளவு. ஐம்பது பேரைக் கொண்ட குழுவுக்கு நாள்தோறும் ஒரு வெள்ளி. 1920-களின் பிற்பகுதியில் பல தோட்டங்களில் ஓர் ஆடவனின் நாட்கூலி ஐம்பது காசாக இருந்ததை எண்ணினால், தலைக்காசு எத்துணைப் பெரிய வரும்படி என்பது விளங்கும். ஆள் ஒருவன் நோயால் படுத்தாலும் வேறு தோட்டத்துக்குப் போனாலும் இழப்பு கங்காணிக்கு. ஆகவே அவர் விடியற்காலையில் லயத்துக்கதவைத் தட்டியது அன்பினால் மட்டும் அன்று.

ஆள் சேர்ப்பவர் அவர். வேலை வாங்குபவர் அவர். பல இடங்களில் கடன் கொடுப்பவரும் அவர், கடை வைத்திருப்பவரும் அவர். பெண் பார்த்துத் தாலி எடுத்துக் கொடுப்பவரும் கோயில் திருவிழாவில் முதல் மரியாதை பெறுபவரும் அவரே. துரைக்குத் தொழிலாளர் குறையைச் சொல்ல வேண்டுமென்றாலும் அவர் வாயாகவே சொல்ல வேண்டும். இத்தனை பொறுப்புகளில் எதற்கும் வரம்பு எழுதப்படவில்லை. செக்ரோலில் பெயர் விடுபட்டால் யாரைக் கேட்பது? கேட்க வேண்டியவர் மாமன். மாமன்மேல் மனு எழுதும் மருமகன் பிறகு அந்த லயத்தில் எப்படிக் குடியிருப்பான்? 1922-ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்துக்குப் பின்னர் இந்திய அரசின் பிரதிநிதி ஒருவர் கோலாலம்பூரில் அமர்ந்திருந்தார். தொழிலாளர் துறையும் இருந்தது. முறையிட வழி இருந்தும் முறையிடும் மனம் உறவினால் கட்டப்பட்டிருந்தது.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் இது இன்னும் முற்றியிருந்தது. அங்கே கங்காணியின் கடனைத் தீர்த்தால் அவரையும் அவர் ஆட்களையும் விடுவிப்பதாகத் துரை எழுதித் தரும் சிறு தாள் ஒன்று உண்டு. அதைத் துண்டு என்றனர். ஒரு துண்டுத் தாளோடு நூறு குடும்பங்கள் கைமாறின. 1921-இல் அத்துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

கண்காணி என்ற சொல் நமக்குப் புதிதன்று. சோழர் கல்வெட்டுகளில் கோயிற் காரியங்களை மேற்பார்த்தோர் அப்பெயரால் குறிக்கப்படுகின்றனர். அக்காலத்துச் சபையொன்று அதிகாரத்துக்கு இட்ட வேலியை உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் காட்டும். முதற் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் அவை. சபையார் தம்முள் ஒத்தவர். (நிலமும் கல்வியும் உடைய அந்தணர் மட்டுமே ஒத்தவர் என்பதை மறைக்க வேண்டியதில்லை, உழுதவனுக்கு அங்கே ஓலை இல்லை.) ஒத்தவர்கள் என்பதனாலேயே ஒருவரையொருவர் நம்பிவிடவில்லை என்பதுதான் வியப்பு. குடவோலையில் பெயர் எழுதப்படுவோர்க்கு வயது வரம்பு இட்டனர். அண்மை மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவரை விலக்கினர். கணக்குக் காட்டாதவரை விலக்கியதோடு அமையாது அவருடைய உறவினரையும் விலக்கினர். சம்வத்சர வாரியம், ஏரி வாரியம் என்பவற்றோடு தோட்ட வாரியம் என்றும் ஒன்று இருந்தது. உறவு எங்கே அதிகாரமாக மாறும் என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்து கல்லில் வெட்டியவர்களின் வழித்தோன்றல்கள், உறவு ஒன்றையே அதிகாரமாகக் கொண்ட கங்காணியின் பின்னால் கப்பலேறினர்.

அமெரிக்கப் பெண்ணுரிமை இயக்கத்தில் 1970-இல் இதே சிக்கல் வேறு வடிவில் எழுந்தது. தலைவர் வேண்டா, பதவி வேண்டா, எல்லோரும் சமம் என்று தொடங்கிய குழுக்களில் நெருங்கிய தோழியர் சிலரே முடிவுகளை எடுப்பதை ஜோ ஃபிரீமன் என்பவர் கண்டு சொன்னார். 1972-இல் அவ்வுரை அச்சேறியது. கட்டமைப்பு இல்லாத குழு என்று ஒன்று இல்லை. அது கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும், அவ்வளவே என்பது அவர் கருத்து. அவர் பேசியது படித்த பெண்களின் தன்னார்வக் குழுக்களைப் பற்றி. பெரட்டுக் களத்தைப் பற்றி அன்று. கங்காணி தம்மைச் சமமானவர் என்று சொல்லிக்கொண்டதும் இல்லை. இரண்டுக்கும் பொதுவானது ஒன்றே: பதவியில் இல்லாத அதிகாரத்தைப் பதவியிலிருந்து இறக்க முடியாது.

கங்காணி முறை ஒரே நாளில் சாயவில்லை. 1930-களின் தொடக்கத்தில் ரப்பர் விலை வீழ்ந்தபோது ஆயிரமாயிரம் பேர் ஊருக்குத் திருப்பியனுப்பப்பட்டனர். 1936-இன் இறுதியில் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் மலாயா வந்து நிலைமையை ஆராய்ந்து, கங்காணி வழியான ஆள் சேர்ப்பு இனி வேண்டா என்று அறிக்கை தந்தார். 1938-இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடிபெயர்வையே தடுத்தது.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தது. தமிழ் நேசன் இதழில் பணியாற்றிய ஆர். எச். நாதன் அதன் முன்னணியில் நின்றார். கூலி உயர்வைக் கேட்ட தொழிலாளர் அதனோடு நில்லாமல், கொடுமை செய்யும் தோட்ட அலுவலரை நீக்கவும், பெண்கள் மானத்துடன் வாழவும், பிள்ளைகள் படிக்கவும், கள்ளுக்கடைகளை மூடவும், சங்கம் அமைக்கவும் கேட்டனர். துரையும் கிராணியும் எதிரே வந்தால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் கோரிக்கைகளுள் ஒன்று. இறங்கி நில் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. எழுதாத வழக்கத்தை ஒழிக்க, அதை முதலில் எழுத வேண்டியிருந்தது. நாதன் நாடு கடத்தப்பட்டார், படை வந்தது, உயிர்கள் போயின. கோரிக்கைத் தாள் மட்டும் வரலாற்றில் நின்றது.

போருக்குப் பின்னர் 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று, பி. பி. நாராயணன் அதன் பெருந்தலைவராக விளங்கினார். கூலி, விடுமுறை, வேலைநேரம் ஆகியவை முதலாளிகள் சங்கத்தோடு செய்த உடன்படிக்கைகளில் எழுத்தேறின. கங்காணியின் இடத்தில் மாதச் சம்பளத் தண்டல் வந்தார். தண்டல் மீது குறை சொல்லத் தொழிலாளிக்குச் சங்கச் செயலாளர் இருந்தார். சம்பளச் சீட்டு இருந்தது. தண்டலும் கடுமையானவராக இருக்கலாம்; ஆனால் அவர் மாமன் அல்லர். எழுத்து இருந்தால் எல்லாம் நடந்துவிடும் என்பதும் இல்லை. 1967-இல் புக்கிட் அசகான் தோட்டத் தொழிலாளர் தம் குறையை முறையிடக் கோலாலம்பூர் நோக்கி நடந்தே சென்றனர். மலாக்கா மாநிலத்திலிருந்து தலைநகர்வரை நடக்கவேண்டி வந்தது, அருகிலுள்ள கதவுகள் அவர்களுக்குத் திறக்கவில்லை என்பதற்குச் சான்று.

தோட்டத் துண்டாடலால் வேலையும் வீடும் இழந்தோரைக் காக்க 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தோற்றுவித்த தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் வேறொரு பாதையைக் காட்டியது. தொழிலாளியே தோட்டத்தின் பங்குதாரர் ஆனார். பங்குகள் எத்தனையாயினும் ஆளுக்கு ஒரு வாக்கு என்பது கூட்டுறவு நெறி. ஆயினும் விடிந்தால் அப்பங்குதாரர் பெரட்டுக்கு நின்று, தண்டல் காட்டிய நிரையில்தான் மரம் சீவினார். ஆண்டுக்கு ஒருநாள் உரிமையாளர். மற்ற நாள்களில் தொழிலாளி. இதனைச் சங்கத்தின் குறை என்று கொள்வது தவறு. உடைமையில் வரும் சமத்துவமும் வேலைக்களத்துச் சமத்துவமும் வேறு வேறு. ஒன்றைக் காட்டி மற்றொன்றும் கிடைத்துவிட்டதாக யாரும் அங்கே நடிக்கவில்லை. பதவிகளுக்குப் பெயர் இருந்தது, பொதுக்கூட்டத்தில் கணக்கு வைக்கப்பட்டது.

1970-கள் முதல் தோட்டத்துப் பிள்ளைகள், சிறப்பாகப் பெண்கள், மலாக்கா பத்து பெரெண்டாம் தடையற்ற வாணிப வட்டத்து மின்னணுத் தொழிற்சாலைகளுக்குப் பேருந்தேறினர். 1982-இல் கிழக்கு நோக்கும் கொள்கை அறிவிக்கப்பட்டது. சப்பானிய நிறுவனங்களைப் போல் ஒவ்வொரு நிறுவனமும் தனக்குள்ளேயே சங்கம் வைத்துக்கொள்வது சிறந்தது என்ற கருத்து வலுப்பெற்றது. மின்னணுத் தொழிலாளர் நாடு தழுவிய சங்கம் அமைக்க நெடுங்காலம் இசைவு கிட்டவில்லை. 1988-இல் நிறுவன உட்சங்கங்களுக்கு மட்டும் வழி திறந்தது. மேற்பார்வையாளரும் தொழிலாளியும் ஒரே மேசையைச் சுற்றி அமரும் தரக் கட்டுப்பாட்டு வட்டங்களும் அக்காலத்தில் பரவின. அவற்றில் பேசப்பட்டது பெரும்பாலும் பொருளின் தரம். கூலியின் தரத்தைப் பேச வேறு மேசை வேண்டும். நிறுவனம் ஒரு குடும்பம் என்ற வாசகம் பெம்பானிலிருந்து போன பெண்ணுக்கு எங்கோ கேட்ட குரலாக ஒலித்திருந்தால் அதில் வியப்பில்லை.

அண்மைக் காலத்தில் மேலாளர் என்ற பதவியையே நீக்கிப் பார்த்த நிறுவனங்களும் உண்டு. அமெரிக்கக் காலணி வணிக நிறுவனமான சாப்போஸ் 2013-இல் அத்திட்டத்தை அறிவித்தது. விரும்பாதோர் பணம் பெற்று விலகலாம் என்று 2015-இல் அது சொன்னபோது, ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கினர் விலகினர். அவர்கள் எல்லோரும் அதிகாரத்தை விரும்பியவர்கள் என்று சொல்வதற்கில்லை. சம்பள உயர்வை யாரிடம் கேட்பது என்று தெரியாமல் விழித்தோரும் அவர்களுள் இருந்திருக்கலாம்.

ஜாசின், மெர்லிமாவ் வட்டாரப் பள்ளிகளில் முதியோரின் தோட்ட நினைவுகளைச் சேகரிக்கும் பணியை மாணவர்க்குத் தருவது நல்ல வழக்கம். அவ்வாறு செல்லும் மாணவர், கங்காணி நல்லவரா என்ற வினாவோடு ஏட்டை மூடிவிடுகின்றனர். நல்லவர் என்ற விடையும் பெரும்பாலும் கிடைத்துவிடுகிறது. அவர் தவறிழைத்தபோது யாரிடம் போனார்கள் என்பதையும், போனவருடைய வீட்டுக்கு மறுவாரம் என்ன நேர்ந்தது என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ள இன்னும் சிறிது காலமே உள்ளது. பெற்றோர் சொல்லக் கேட்டவர்களும் எண்பதைக் கடந்துகொண்டிருக்கின்றனர்.