இப்னு சஹ்லும் கோளமல்லா வில்லையும்

ஒளியியல் வரலாற்றைப் பேசும்போதெல்லாம் நம்மவர் நாவில் முதலில் வருவது இப்னுல் ஹைதமின் பெயர். அது தகும். ஆயினும் அவருக்கு ஒரு தலைமுறை முற்பட்டு, பக்தாத் அரசவையைச் சார்ந்து வாழ்ந்த கணித மேதை ஒருவரை நம்முள் அறிந்தோர் மிகச் சிலரே. அவர் அபூ ஸஅத் அல்அலா இப்னு சஹ்ல். கோள வடிவினின்றும் விலகிய வளைபரப்பைக் கொண்டு ஒளியை ஒரே புள்ளியில் குவிக்கும் வில்லையைக் கணித நிறுவலோடு வகுத்துக் காட்டியவர். இன்று கண் அறுவையிலும் கைபேசிக் கேமராவிலும் பயன்படும் கோளமல்லா வில்லைகளின் வரலாற்றில் அவருக்குரிய இடம் எது? அவர் செய்தது என்ன, செய்யாதது என்ன? இவற்றை அளந்து காண்போம்.

முதலில் சிக்கலை விளங்கிக்கொள்வோம். கோளப் பரப்புடைய வில்லையின் நடுவே புகும் கதிர்கள் ஓரிடத்திலும், விளிம்பருகே புகும் கதிர்கள் வில்லைக்குச் சற்று நெருங்கிய வேறோரிடத்திலும் கூடுகின்றன. ஆகவே குவிய வேண்டிய புள்ளி சிதறிக் கறையாகிறது. இதனைக் கோளப் பிறழ்ச்சி என்பர். கண்ணாடி எத்துணைத் தூயதாயினும், தீட்டியவர் எத்துணைத் தேர்ந்தவராயினும் இக்குறை நீங்காது. குறை வடிவத்திலேயே இருக்கிறது.

அவ்வாறாயின் பிழையற்ற வடிவம் யாது? இவ்வினாவை எழுப்புவதற்குரிய கணிதக் கருவி ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டிலேயே அரபு மொழிக்கு வந்துவிட்டது. கிரேக்க அறிஞர் அபோலோனியஸ் கூம்பு வெட்டுகளைப் பற்றி எழுதிய பெருநூலைப் பனூ மூஸா சகோதரர்களின் ஆதரவில் ஹிலால் அல்ஹிம்ஸீயும் ஸாபித் இப்னு குர்ராவும் அரபியாக்கினர். அந்நூலின் ஐந்து, ஆறு, ஏழாம் பகுதிகள் இன்று அரபியில் மட்டுமே எஞ்சியுள்ளன. பரவளையம், நீள்வட்டம், அதிபரவளையம் ஆகிய வளைகோடுகளின் இயல்புகள் இவ்வழியே பக்தாத் அறிஞர்களுக்குக் கைவந்தன.

இப்னு சஹ்ல் கி.பி. 984ஆம் ஆண்டையொட்டி, புவைஹிய்ய அரசர் ஸம்ஸாமுத் தவ்லாவுக்காக எரிக்கும் கருவிகளைப் பற்றி ஒரு நூல் இயற்றினார். கதிரவன் ஒளியைத் திரட்டித் தொலைவிலுள்ள பொருளை எரிப்பது எவ்வாறு என்பதே அதன் பொருள். ஒளியைத் திருப்பும் ஆடிகளைப் பற்றி முன்னோர் பலர் எழுதியிருந்தனர். இவரோ ஆடிகளோடு நில்லாமல், ஒளி ஊடுருவிச் செல்லும் படிகத்தையும் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். தொலைவிலிருந்து இணையாக வரும் கதிர்களுக்கு, ஒருபுறம் தட்டையாகவும் மறுபுறம் அதிபரவளையப் பரப்பாகவும் அமைந்த வில்லையை வகுத்தார். தட்டையான முகத்தில் செங்குத்தாகப் புகும் கதிர் திசை மாறுவதில்லை. வளைந்த முகத்தினூடே வெளியேறும்போது மட்டுமே விலகுகிறது. அவ்வாறு விலகும் கதிர்கள் அனைத்தும் ஒரே குவியத்தைச் சென்றடைகின்றன. ஒளிமூலம் அருகில் இருக்குமாயின், இரு முகங்களும் அதிபரவளையமாக உள்ள வில்லையை வகுத்தார். இவ்வளைகோடுகளை இடையறாது வரைதற்குரிய கருவிகளையும் அவர் விவரித்துள்ளார்.

இதற்கு அடிப்படையாக அவர் கொண்டது ஒரு விகிதம். படிகத்திலிருந்து காற்றுக்கு வெளிப்படும் ஒரு கதிரை எண்ணிப் பாருங்கள். அது விலகாமல் நேரே சென்றிருந்தால் செல்லும் கோடு ஒன்று. விலகிச் செல்லும் கோடு மற்றொன்று. பரப்புக்குச் செங்குத்தாக நிற்கும் ஒரே கோட்டை இவ்விரண்டும் தொடும் வரை அவற்றின் நீளங்களை ஒப்பிட்டால், கதிர் எச்சாய்வில் வந்தாலும் அந்த விகிதம் அப்படிகத்துக்கு மாறுவதில்லை. அதிபரவளையம் எத்துணை விரிந்திருக்க வேண்டும் என்பதை அவ்விகிதமே முடிவு செய்கிறது. இன்று பள்ளிப் பாடநூல்களில் ஸ்நெல் விதி எனப் பயிலப்படுவதற்கு இது வடிவியல் நிலையில் நிகரானது. ஸ்நெல் அதனைக் கண்டது 1621இல். டெகார்ட் அச்சில் வெளியிட்டது 1637இல்.

எனினும் நாம் வரம்பு மீறலாகாது. இப்னு சஹ்ல் அந்த விகிதத்தை வில்லையை வகுப்பதற்கு வேண்டிய அளவில் கையாண்டாரேயன்றி, அனைத்து ஊடகங்களுக்கும் உரிய பொது விதியாக அறிவித்து அளவீடுகளால் நிறுவிக் காட்டினாரில்லை. அவர் வகுத்த வில்லையை எவரேனும் கடைந்ததற்குச் சான்றும் இல்லை. அவருக்குப் பின் வந்த இப்னுல் ஹைதம் எரிக்கும் கோளத்தின் பிறழ்ச்சியை நுட்பமாக ஆராய்ந்தபோதும் இவ்விகிதத்தைக் கையாளவில்லை. ஐரோப்பிய அறிஞர்கள் இவரிடமிருந்து இதைப் பெற்றனர் என்பதற்கும் ஆதாரம் கிடையாது. கெப்ளரும் டெகார்ட்டும் தம் வழியிலேயே அதிபரவளையத்தை வந்தடைந்தனர்.

வந்தடைந்தும் அவர்களால் அதனைச் செய்ய இயலவில்லை என்பதே வியப்பு. டெகார்ட் இயந்திரம் வகுத்துக் கொடுத்தும், ஃபெரியே என்னும் கைவினைஞர் முயன்றும், பயனளிக்கும் வில்லை உருவாகவில்லை. காரணம் எளிது. இரு பரப்புகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து எல்லாத் திசையிலும் தேய்த்தால் கோளம் தானாகவே உருவாகும். ஏனெனில் எங்கு நகர்த்தினாலும் தன்னோடு பொருந்தும் வளைபரப்பு அது ஒன்றே. அதிபரவளையப் பரப்பில் வளைவு இடத்துக்கிடம் மாறுகிறது; ஆகவே ஒவ்வோரிடத்தையும் தனித்தனியே அளந்து தேய்க்க வேண்டும். அளவும் எளிதன்று. 1990இல் ஏவப்பட்ட ஹபிள் தொலைநோக்கியின் 2.4 மீட்டர் ஆடியும் அதிபரவளையப் பரப்புடையதே. அதைச் சோதித்த கருவியில் ஒரு வில்லை 1.3 மில்லிமீட்டர் இடம் பிசகியிருந்தமையால் ஆடியே பிழையாக அமைந்து படங்கள் மங்கின. 1993இல்தான் அது சீர்செய்யப்பட்டது.

இன்று வைர முனைக் கருவிகள் கணினியின் ஆணைப்படி பரப்பைக் கடைகின்றன. சூடேற்றிய கண்ணாடியை அச்சில் அழுத்தியும், உருக்கிய பிளாஸ்டிக்கை அச்சில் செலுத்தியும் கோளமல்லா வில்லைகள் பெருவாரியாக வார்க்கப்படுகின்றன. பல கோள வில்லைகளைச் சேர்த்துச் செய்த பணியைக் கோளமல்லா வில்லை ஒன்றிரண்டே செய்துவிடுவதால்தான் கைபேசியின் கேமரா இத்துணை மெலிந்தது. கண்புரை அறுவையில் கருவிழிப்படலத்தின் பிறழ்ச்சியை ஈடுசெய்யுமாறு இத்தகைய வில்லைகள் கண்ணுள் பொருத்தப்படுகின்றன.

இப்னு சஹ்லின் நூலோ ஏடுகள் பிரிந்து, ஒரு பகுதி டமாஸ்கஸிலும் மறு பகுதி தெஹ்ரானிலும் கிடந்தது. அவ்விரண்டும் ஒரே நூலின் பகுதிகள் எனக் கண்டு ஒழுங்குபடுத்தி, அதன் சிறப்பை 1990இல் உலகுக்கு விளக்கியவர் ருஷ்தீ ராஷித் என்னும் அறிஞர். ஓர் அறிஞரின் சொல் தன் இடத்தைப் பெற ஆயிரம் ஆண்டுகள் கடந்தன. அந்நெடுங்கால மௌனத்துக்குக் காரணம் அவர் அறிவின் குறைவன்று. படித்து, படியெடுத்து, அடுத்த தலைமுறையிடம் ஒப்படைப்போர் இன்மையே.

எல்லாம் நாம் கண்டுபிடித்தவையே என்று மேடையில் முழங்குவது எளிது. அம்முழக்கத்தில் ஒரு பொய் கலந்தாலும் உண்மையும் உடன் மதிப்பிழக்கும். இப்னு சஹ்ல் செய்தது மிகையுரை வேண்டாத அளவுக்குப் பெரிது. நம் அரபுக் கல்லூரிகளில் நஹ்வும் மன்திக்கும் பயின்ற மாணவர்க்கு அந்நூல்களின் மொழி அயலானதன்று. அவர்களுள் சிலரேனும் வடிவியலும் கற்று, வாசிப்பாரின்றிக் கிடக்கும் சுவடிகளின் பக்கம் திரும்புவாராயின், முன்னோர்க்கு நாம் பட்ட கடனில் ஒரு பங்கு தீரும்.