முகத்தை மூடிக்கொண்டு நீதி செய்யலாமா? மாத்தளை மண் சொல்லும் பதில்



கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். வீட்டில் இளைஞர்கள் இருந்தால் அவர்களுக்கும் காட்டுங்கள்.

ஐஸ், ஹெரோயின் என்று போதைப்பொருள் நம் ஊர்களுக்குள் நுழைந்ததிலிருந்து ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. "பொலிஸுக்குச் சொல்லி வேலையில்லை. பத்துப் பேர் முகத்தை மூடிக்கொண்டு ஒரு ராவைக்குப் போய் நாலு சாத்துச் சாத்தினால் எல்லாம் சரியாகும்." வகுப்பில் பிள்ளைகள் இதையே வேறு மாதிரிக் கேட்கிறார்கள்: "பேட்மேன் மாதிரி ஒருவர் நிஜமாக இருந்தால் நல்லதுதானே, சேர்?"

இதைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. தன் தம்பி கண்முன்னே சீரழிவதைப் பார்க்கும் ஒருவனின் கோபம் அதற்குள் இருக்கிறது. ஆனால் மாத்தளை மாவட்டத்தில் வாழும் நாம் இதைக் கற்பனை செய்து பார்க்கத் தேவையில்லை. முகம் காட்டாதவர்கள் தீர்ப்புச் சொன்ன காலம் ஒன்றை இந்த மாவட்டம் அனுபவித்திருக்கிறது. அதற்கு முன், முகம் காட்டி எதிர்த்து நின்றவர்களையும் கண்டிருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

முதலில் 1848. நாய்க்கு வரி, துப்பாக்கிக்கு வரி, கடைக்கு வரி, வீதி வேலைக்கு வரி என்று ஆங்கிலேய அரசு சுமத்தியபோது மாத்தளை மக்கள் எழுந்தார்கள். அந்த ஜூலை மாதம் கொங்காலேகொட பண்டா தம்புள்ளை விகாரையில் அரசனாக முடிசூட்டப்பட்டார். அவரோடு நின்ற புரன் அப்பு ஏற்கெனவே அரசால் தேடப்பட்டவர். சட்டத்தின் கண்ணில் குற்றவாளி. ஆனாலும் அவர் யார், எந்த ஊர், யாருடைய ஆள் என்பது எல்லோருக்கும் தெரியும். பிடிபட்டு, 1848 ஓகஸ்ட் 8 அன்று கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டபோதும் அவர் பெயரோடுதான் செத்தார்.

அவர்களை அடக்கியவர்களுக்கும் பெயர் இருந்தது. குடாபொல தேரரைக் காவியுடையோடு சுட்டது உட்பட அந்த நாட்களில் நடந்த கொடுமைகளுக்கு யார் உத்தரவிட்டார்கள் என்பது பதிவில் இருந்தது. அதனால்தான் லண்டன் பாராளுமன்றத்தில் விசாரணைக் குழு அமைத்துக் கேள்வி கேட்க முடிந்தது. ஆளுநர் டொரிங்டன் பிரபு 1850இல் திருப்பி அழைக்கப்பட்டார். அது முழு நீதியல்ல. ஆனால் கேள்வி கேட்க ஒரு பெயராவது இருந்தது.

அடுத்தது நமக்கெல்லாம் பிடித்த சரதியல் கதை. மாவனல்லைக்குப் பக்கத்தில் உத்துவன்கந்தையில் இருந்துகொண்டு பணக்காரரிடம் பறித்து ஏழைக்குக் கொடுத்தவர் என்று இன்றும் சொல்கிறோம். அவருடைய நெருங்கிய கூட்டாளி மம்மலே மரிக்கார் நம்மவர். 1864 மார்ச் 21 அன்று அவர்களைப் பிடிக்கப் போய்ச் சுடப்பட்டு இறந்த கான்ஸ்டபிள் துவான் சபானும் நம்மவர், மலாய் முஸ்லிம். கடமையில் உயிர்நீத்த பொலிஸாரை நாடு இன்றும் அந்தத் திகதியில்தான் நினைவுகூருகிறது. சரதியலும் மரிக்காரும் 1864 மே 7 அன்று கண்டியில் தூக்கிலிடப்பட்டார்கள். இவர்களை வீரர் என்போரும் இருக்கிறார்கள், கொள்ளையர் என்போரும் இருக்கிறார்கள். இப்படி வாதாட முடிவதற்கே காரணம், யார் என்ன செய்தார் என்று தெரிந்திருப்பதுதான்.

இனி 1987க்கு வருவோம்.

அந்த ஆண்டு ஜூலை 29 அன்று இலங்கை – இந்திய ஒப்பந்தம் கைச்சாத்தானது. தடைசெய்யப்பட்டிருந்த ஜே.வி.பி. அதற்கெதிராக ஆயுதக் கிளர்ச்சியில் இறங்கியது. அதன் ஆயுதப் பிரிவு 'தேசப்பிரேமி ஜனதா வியாபாரய' என்ற பெயரில் இயங்கியது. உத்தரவுகள் 'கீர்த்தி விஜயபாகு' என்ற புனைபெயரில் வந்தன. கடையை மூடு, பஸ் ஓட்டாதே, வேலைக்குப் போகாதே, இந்தியப் பொருள் விற்காதே. விடிந்தால் சுவரிலோ கதவிடுக்கிலோ ஒரு கடதாசி. மீறியவருக்கு மரணம். தாங்கள் கொன்றவரின் ஜனாஸாவை முழங்காலுக்கு மேலே உயர்த்தித் தூக்கக்கூடாது என்றுகூடச் சொன்னார்கள்.

கடை வைத்திருந்த நம் மூத்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அந்தக் கடதாசி மெய்யாகவே இயக்கத்திடமிருந்து வந்ததா, பக்கத்துக் கடைக்காரன் எழுதியதா, கடன் வாங்கியவன் எழுதியதா என்று கண்டுபிடிக்க வழியில்லை. கேட்கப் போனால் உயிர் போகலாம். அதனால் எல்லோரும் எல்லாக் கடதாசிக்கும் பயந்தார்கள். 1988 டிசம்பர் 19 ஜனாதிபதித் தேர்தலில் நாடு முழுவதும் வாக்களித்தவர்கள் ஏறத்தாழ 55 வீதம்தான்.

இதற்குப் பதிலடி என்று வந்தவர்களும் முகம் காட்டவில்லை. கறுப்புப் பூனைகள், பச்சைப் புலிகள் என்று பல பெயர்கள். இலக்கத்தகடு இல்லாத வாகனங்கள். வீதியோரத்தில் எரியும் டயருக்குள் உடல்கள். 1989 ஒக்டோபரில் பேராதனைப் பல்கலைக்கழகத்துக் குளத்தைச் சுற்றி வெட்டிய தலைகள் வைக்கப்பட்டிருந்தன. பயங்கரவாதத்தை ஒழிக்கிறோம் என்றார்கள் இவர்கள். தேசத்தைக் காக்கிறோம் என்றார்கள் அவர்கள். இரு பக்கமும் தங்களை நீதிக் காவலர் என்றே நினைத்தது. ஜே.வி.பி. தலைவர் ரோஹண விஜேவீரவே உலப்பனையில் வேறு பெயரில், ஒரு தோட்ட உரிமையாளராகத்தான் வாழ்ந்துகொண்டிருந்தார். 1989 நவம்பரில் பிடிபட்டு, விசாரணை எதுவுமில்லாமல் கொல்லப்பட்டார்.

அந்தக் காலத்தின் பயங்கரமான உருவம் 'கோணி பில்லா'. நாம் தலையாட்டி என்போம். ஊரைச் சுற்றிவளைத்து ஆண்களை வரிசையில் நிறுத்துவார்கள். தலையில் சாக்குப் போட்டு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை வெட்டிய ஒருவனைக் கொண்டுவந்து வைப்பார்கள். ஒவ்வொருவராக அவன் முன்னால் நடக்க வேண்டும். சாக்கு ஆடினால் அவர் தனியே எடுக்கப்படுவார். வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் இளைஞர்கள் இதே தலையாட்டியின் முன்னால் நின்றார்கள். சாக்குக்குள் இருப்பவன் அடி தாங்காமல் ஆட்டினானா, பழைய பகைக்கு ஆட்டினானா, ஆள் மாறி ஆட்டினானா? யாருக்கும் தெரியாது. அவனிடம் ஒரு கேள்வியும் கேட்க முடியாது. அவனுடைய சாட்சியத்தை எவரும் குறுக்கு விசாரணை செய்ய முடியாது.

சொந்தக் கோபம் எப்படிப் பொதுநீதியின் உடுப்பைப் போட்டுக்கொள்கிறது என்பதற்கு எம்பிலிப்பிட்டிய வழக்கு உதாரணம். ஆசிரியர்களான எங்களுக்கு அதை நினைக்கவே வெட்கமாக இருக்கிறது. 1989க்கும் 1990க்கும் இடையில் அங்கே பாடசாலை மாணவர்கள் பலர் இராணுவத்தால் கொண்டுசெல்லப்பட்டுக் காணாமற்போனார்கள். அதிபரின் மகனுடைய காதல் தகராறு ஒன்று இதற்குப் பின்னால் இருந்ததாகப் பேசப்பட்டது. இரத்தினபுரி மேல் நீதிமன்றம் 1999இல் அந்த அதிபரையும் இராணுவத்தினர் சிலரையும் குற்றவாளிகளாகக் கண்டு 10 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. அங்கே தண்டனை வந்தது ஏன்? பெற்றோர் விடாமல் நின்றார்கள். குற்றம் சாட்ட ஒரு பெயர் கிடைத்தது. நாட்டின் மற்றப் பெற்றோரில் பெரும்பாலானோருக்கு அந்தப் பெயரே கிடைக்கவில்லை. 1994இல் மூன்று பிராந்திய ஆணைக்குழுக்கள் நியமிக்கப்பட்டன. அதில் ஒன்று மத்திய மாகாணத்தையும் உள்ளடக்கியது. மூன்றும் சேர்ந்து 16,000க்கும் மேற்பட்டோர் காணாமற்போனதை உறுதிசெய்தன.

2012 நவம்பரில் மாத்தளை வைத்தியசாலை வளவில் உயிர்வாயுத் தொகுதி கட்ட மண் வெட்டியபோது எலும்புகள் வந்ததை நாமெல்லாம் அறிவோம். தோண்டத் தோண்ட 150க்கும் மேற்பட்டோரின் எச்சங்கள். அவை 1986க்கும் 1990க்கும் இடைப்பட்ட காலத்தவை என்று தொல்லியல் பேராசிரியர் ராஜ் சோமதேவ அறிக்கை கொடுத்தார். பிறகு வெளிநாட்டில் செய்த காபன் பரிசோதனை, அவை அதைவிட மிகப் பழையவை என்றது. காணாமற்போன பிள்ளைகளின் தாய்மார் இதை ஏற்கவில்லை. எது எப்படியோ, அந்த எலும்புகளில் ஒன்றுக்குக்கூட இன்றுவரை பெயர் சொல்லி ஜனாஸா எடுக்க எந்தக் குடும்பத்தாலும் முடியவில்லை. முகத்தை மூடியவர்கள் ஆண்ட காலத்தில் கொன்றவருக்கும் பெயரில்லை, செத்தவருக்கும் பெயரில்லை.

"அவர்கள் கெட்டவர்கள். நல்லவர்கள் முகத்தை மூடினால்?" என்று ஒரு தம்பி கேட்கலாம். முகமூடி போட்ட எல்லோரும் தங்களை நல்லவர் என்றுதான் நினைத்தார்கள். அமெரிக்காவில் 1865இல் தொடங்கிய கு கிளக்ஸ் கிளானும் 'ஒழுங்கைக் காக்கிறோம்' என்றுதான் வெள்ளைத் துணியால் முகத்தை மூடிக் கறுப்பின மக்களைக் கொன்றது. அங்கே ஜோர்ஜியா போன்ற மாநிலங்கள் பொது இடத்தில் முகமூடி போடுவதையே சட்டத்தால் தடுக்க வேண்டி வந்தது. ஒருவர் உண்மையில் நல்லவராகவே இருந்தாலும், நாளைக்கு அதே துணியைக் கட்டிக்கொண்டு வருபவர் அவர்தானா என்று எப்படி அறிவது?

நம் சமூகமும் இதில் முழுக்கச் சுத்தமில்லை. 2011 ஓகஸ்டில், ரமழான் மாதத்தில், கிறீஸ் பூதம் என்று நாடே கலங்கியது நினைவிருக்கும். தராவீஹ் முடிந்து பொல்லோடு காவல் நின்றோம். கிறீஸ் பூதம் யார், இருந்ததா இல்லையா என்பது இன்றும் தெளிவில்லை. ஆனால் அந்தப் பயத்தில் செத்தவர்கள் இருக்கிறார்கள். ஹப்புத்தளையில் இரண்டு பேரைக் கூட்டம் அடித்துக் கொன்றது. புத்தளத்தில் ஒரு பொலிஸ்காரர் கூட்டத்தின் கையில் இறந்தார். முகமூடி கட்டாவிட்டாலும், இருட்டும் கூட்டமும் சேர்ந்தால் அதுவே முகமூடிதான். "நான் ஒரு அடிதான் அடித்தேன்" என்று ஒவ்வொருவரும் சொல்வார்கள். ஆள் செத்திருப்பார்.

இன்னொரு நியாயமான கேள்வியும் இருக்கிறது. 2012 ஏப்ரல் 20, வெள்ளிக்கிழமை, நம் தம்புள்ளைப் பள்ளிவாசலைத் தாக்க வந்தவர்கள் முகத்தை மூடவில்லையே? உண்மை. பட்டப்பகலில், கமராவுக்கு முன்னால் வந்தார்கள். இரண்டு நாளில் பிரதமரிடமிருந்து வந்த உத்தரவோ பள்ளிவாசலை இடம் மாற்றச் சொன்னது. முகம் தெரிந்தால் மட்டும் போதாது, தெரிந்த முகத்தைக் கேள்வி கேட்கும் அரசும் வேண்டும் என்பதை அன்று படித்தோம். ஆனால் அந்தக் காட்சிகள் இருப்பதால்தான் நடந்ததை இன்றும் எவராலும் மறுக்க முடியவில்லை. சாக்குக்குள் இருந்தவனைப் பற்றி அப்படி எதுவும் நம் கையில் இல்லை.

நம் மார்க்கம் இதில் தெளிவாக இருக்கிறது. செய்தி வந்தால் விசாரித்துப் பார்க்க வேண்டும், பிறரைத் துருவித் துருவி உளவு பார்க்கக்கூடாது என்று சூரத்துல் ஹுஜுராத்தில் படிக்கிறோம். ஒரு ஹதீஸை ஏற்பதற்கே அறிவிப்பாளர் ஒவ்வொருவரின் பெயரையும் குணத்தையும் நம் இமாம்கள் தேடினார்கள். யாரென்று தெரியாத 'மஜ்ஹூல்' ஒருவர் தொடரில் இருந்தால் அதைப் பலவீனமானது என்றார்கள். அந்தக் காலத்துச் சந்தைகளில் அளவையும் நிறுவையையும் கண்காணித்த முஹ்தஸிப் கூட ஆட்சியாளரால் நியமிக்கப்பட்ட, எல்லோருக்கும் தெரிந்த மனிதர். பெயர் தெரியாதவரின் சொல்லைக் கேட்டு ஒரு மனிதனின் கையையோ உயிரையோ எடுப்பதற்கு இதில் எங்கே இடம்?

அப்படியானால் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதா? இல்லை. நம் நாட்டுச் சட்டமே சாதாரண குடிமகனுக்கு ஓர் இடம் வைத்திருக்கிறது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின்படி, கண்ணுக்கு முன்னால் பாரிய குற்றம் செய்பவரைப் பொதுமகன் ஒருவர் பிடிக்கலாம். தாமதிக்காமல் பொலிஸில் ஒப்படைக்க வேண்டும். பிடிக்கலாம், அடிக்க முடியாது. ஒப்படைப்பவர் தன் பெயரைச் சொல்லித்தான் ஒப்படைக்க வேண்டும். பொலிஸ் அசையாவிட்டால் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் எழுத்தில் முறையிடலாம்.

மஹல்லாவில் விழிப்புக் குழு வேண்டுமென்றால் அமைப்போம். அதில் இருப்பவர்களின் பெயர்ப் பட்டியல் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் தொங்கட்டும். ஒரு பிரதி பொலிஸிலும் கிராம உத்தியோகத்தரிடமும் இருக்கட்டும். பக்கத்துச் சிங்கள, தமிழ் சகோதரர்களும் அதில் இருந்தால் இன்னும் நல்லது. யாராவது ஒரு பிள்ளைக்கு அநியாயம் நடந்தால், அந்தத் தாய் வந்து "இதைச் செய்தது யார்?" என்று கேட்கும்போது பதில் சொல்ல ஆள் இருக்க வேண்டும். அப்படிப் பதில் சொல்லத் தயாரில்லாதவர் அந்த வேலைக்கு வரவேண்டாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 1987 தொடக்கம் 1990 வரை உங்கள் ஊரில் கொல்லப்பட்டவர்கள், காணாமற்போனவர்கள் யார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். எந்த இனம், எந்தக் கட்சி என்று பார்க்க வேண்டாம். பெயர், வயது, ஊர் போதும். அந்தப் பெரியவர்கள் ஒவ்வொருவராக நம்மை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறார்கள். விடுமுறையில் பிள்ளைகளைக் கொண்டே இதைச் செய்விக்கலாம். பாடப்புத்தகத்தில் கிடைக்காத வரலாறு அவர்களுக்கு அங்கே கிடைக்கும்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளைப் போதையிலிருந்தும், பழிவாங்கும் வெறியிலிருந்தும் பாதுகாப்பானாக. ஆமீன்.