முட்டையும் ஒரு மந்திரியும்

எனக்குப் பத்து வயசாக இருந்தபோது டைபாய்டு ஜுரம் வந்து ஒரு மாசம் படுத்துவிட்டேன். எழுந்து நடமாடத் தொடங்கியபோது சட்டை மாட்டிய குச்சி மாதிரி இருந்தேனாம். உடம்பு தேற வேண்டும் என்று அத்தை ஒரு வைத்தியம் கண்டுபிடித்தாள். தினம் காலையில் ஒரு டம்ளரில் பச்சை முட்டையை உடைத்து ஊற்றி, மிளகுப் பொடி தூவி, என் முன்னால் நீட்டுவாள்.

"மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஒரே மடக்காக் குடிச்சுடுடா, ராஜா!"

குடித்தேன். தேறியும் விட்டேன். ஆனால் பல வருஷம் கழித்து ஒரு விஷயத்தைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எந்தக் கிருமிக் குலம் என்னைப் படுக்கையில் தள்ளியதோ, அதே குலத்தைச் சேர்ந்த பங்காளிகள் சில சமயம் முட்டைக்குள்ளேயும் குடியிருப்பதுண்டு! அந்தக் குலத்துக்கு ஸால்மொனெல்லா என்று பெயர்.

பெயரைக் கேட்டதும் ஸால்மன் மீன் ஞாபகம் வரலாம். மீனுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அமெரிக்க சர்க்காரின் கால்நடை இலாகாவில் டானியல் ஸால்மன் என்று ஒரு பெரிய அதிகாரி இருந்தார். அவருக்குக் கீழே வேலை பார்த்த தியோபால்ட் ஸ்மித் என்ற இளைஞர்தான் 1885-ல் பன்றிகளிடமிருந்து இந்தக் கிருமியைப் பிரித்தெடுத்தவர். கண்டுபிடித்தது குமாஸ்தா, பெயர் மானேஜருக்கு! ஆபீஸ் தர்மம் எல்லாத் தேசத்திலும் ஒன்றுதான் போலிருக்கிறது.

கோழிப் பண்ணையில் இந்தக் கிருமியைத் தேடிப் போன கதை லியோ ரெட்கர் என்ற அமெரிக்க விஞ்ஞானியிடம் ஆரம்பிக்கிறது. பொரித்த சில நாட்களில் குஞ்சுகள் வெள்ளையாகக் கழிந்து கூட்டம் கூட்டமாகச் செத்துக்கொண்டிருந்தன. (நம் ஊரில் வெள்ளைக் கழிச்சல் என்று சொல்லும் ராணிக்கெட் நோய் வேறு, அதையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) 1900-ம் வருஷத்தில் ரெட்கர் இந்த நோயைப் பற்றி எழுதினார். அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் கனெக்டிகட் மாகாணத்தில் அவரும் அவருடைய சகாக்களும் ஓர் அதிசயமான உண்மையைத் துப்பறிந்தார்கள். நோயில் பிழைத்துக்கொண்ட குஞ்சு வளர்ந்து கோழியாகிறது. பார்க்க ஆரோக்கியமாக இருக்கிறது. ஆனால் கிருமி அதன் சினைப்பையில் ஒளிந்திருக்கிறது. அது இடும் முட்டைக்குள் புகுந்து, அடுத்த தலைமுறையைத் தொட்டிலிலேயே கொல்கிறது.

ஆரோக்கியமான முகத்தோடு திரியும் குற்றவாளியை எப்படி அடையாளம் காண்பது? 1913-ல் அதற்கு வழி பிறந்தது. கிருமி உள்ள கோழியின் இரத்த நீரோடு அதே கிருமிகளைக் கலந்தால், தயிர் திரிகிற மாதிரி அவை திப்பி திப்பியாகச் சேர்ந்துவிடும். பிறகு இதையே பண்ணை முற்றத்தில் செய்யும் அளவுக்கு எளிமையாக்கினார்கள். இறக்கை நரம்பில் ஒரு குத்து. கண்ணாடியின் மேல் ஒரு சொட்டு இரத்தம். அதோடு சாயமேற்றிய கிருமிக் கரைசல் ஒரு சொட்டு. இரண்டு நிமிஷத்தில் தீர்ப்பு! 1935-ல் அமெரிக்க சர்க்கார் இதற்கென்று தேசியத் திட்டமே போட்டது. 1970-களுக்குள் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பெரிய பண்ணைகளை விட்டு அந்தக் கிருமி அநேகமாக ஒழிந்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் சுபம் போட்டுவிடலாம். ஆனால் காலியான வீட்டில் வேறு ஒருவன் குடியேறினான். அவன் பெயர் என்டெரிடிடிஸ். பழையவனுக்கு நெருங்கிய உறவு. பழைய கிருமி இருந்தவரை கோழிகளின் உடம்பில் இருந்த எதிர்ப்புச் சக்தி இவனையும் அண்டவிடாமல் வைத்திருந்தது, அவனை ஒழித்ததே இவனுக்கு வாசல் திறந்துவிட்டது என்று சில விஞ்ஞானிகள் பிற்காலத்தில் ஊகித்தார்கள். ஊகம் உண்மையானால், இதைவிடப் பெரிய விதியின் விளையாட்டை எந்த நாவலாசிரியனும் கற்பனை செய்ய முடியாது.

பழையவன் குஞ்சுகளைக் கொன்று தன்னைத் தானே காட்டிக்கொடுத்தான். புதியவன் கெட்டிக்காரன். கோழியை அவன் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. கோழி தின்கிறது, கொக்கரிக்கிறது, முட்டையிடுகிறது. நோய் வருவது முட்டையைத் தின்ற மனிதனுக்கு! அதுவரை ஓட்டின் மேல் உள்ள அழுக்கும் விரிசலுந்தான் ஆபத்து, கழுவிவிட்டால் போதும் என்று நினைத்திருந்தார்கள். ஓடு உருவாகும் முன்பே கிருமி உள்ளே போய்விட்டால், கழுவி என்ன பயன்?

லண்டன் பரிசோதனைச் சாலைகள் இவனைப் பிடித்த விதம் வேடிக்கையானது. கிருமிகளைத் தின்னும் இன்னும் சின்னக் கிருமிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு ருசி. எது எதைத் தின்கிறது என்று பார்த்தே வம்சத்தைச் சொல்லிவிடலாம். அப்படிப் பார்த்ததில் 'நாலாம் வகை' என்ற ஒரே வம்சம் மறுபடியும் மறுபடியும் தலை நீட்டியது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1981-ல் அதனால் நோயுற்றவர்களாகப் பதிவானவர்கள் நானூறு பேருக்கும் குறைவு. 1988-ல் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல்!

அந்த ஆண்டு ஆகஸ்டு மாசமே பச்சை முட்டை சாப்பிட வேண்டாம் என்று சுகாதார இலாகா எச்சரித்தது. யாரும் அவ்வளவாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. டிசம்பர் 3-ம் தேதி, இலாகாவின் துணை மந்திரி எட்வினா கரி அம்மாள் டெலிவிஷன் நிருபரிடம், நாட்டின் முட்டை உற்பத்தியில் பெரும்பகுதிக்கு ஸால்மொனெல்லா தொற்றிவிட்டது என்று சொன்னார்.

'பெரும்பகுதி'! அந்த ஒரு வார்த்தை போதாதா? அவர் மனசில் பண்ணைகளை வைத்துச் சொன்னாரோ என்னவோ. ஜனங்களின் காதில் விழுந்தது தட்டில் இருக்கும் முட்டை. முட்டைகளை எண்ணிப் பார்த்தால் அந்த வார்த்தை தப்பு. ஏழெட்டு வருஷம் கழித்துக் கடைகளில் வாங்கிச் சோதித்தபோதுகூட, ஆறு முட்டை கொண்ட நூறு பெட்டிகளில் ஒரு பெட்டியில்தான் கிருமி அகப்பட்டது. ஆனால் ஆபத்து உண்டு என்று அவர் சொன்னது தப்பே இல்லை.

விற்பனை பாதிக்கும் கீழே விழுந்தது. பண்ணைக்காரர்கள் கொதித்தார்கள். டிசம்பர் 16-ம் தேதி அம்மாள் ராஜினாமாச் செய்தார். ஆளைத்தான் அனுப்ப முடிந்தது, கிருமி போகவில்லை. 1989-ல், தொற்றுக் கண்ட மந்தைகளைக் கொன்றுவிட வேண்டும் என்று அதே சர்க்கார் உத்தரவு போட்டது. டாவென்ட்ரி என்ற ஊரில் ஒரு கன்னிமடம் முட்டை விற்றுப் பிழைத்துவந்தது. எங்கள் கோழிகளைக் கொல்ல விடமாட்டோம் என்று அந்தச் சகோதரிகள் சர்க்காரோடு மல்லுக்கு நின்றார்கள். அவர்களுக்கு என்ன தெரியும் என்று சிரிக்கத் தோன்றவில்லை எனக்கு. கண்ணெதிரே தின்று திரியும் கோழியை, கண்ணுக்குத் தெரியாத ஒன்றின் பேரில் கொல் என்றால் யாருக்குத்தான் மனசு வரும்?

1993-ல் அந்தக் கொலை உத்தரவு கைவிடப்பட்டது. கடைசியில் காப்பாற்றியது தடுப்பூசி. 1998-லிருந்து, தடுப்பூசி போட்ட மந்தைகளின் முட்டைகளுக்குச் சிவப்புச் சிங்க முத்திரை குத்தத் தொடங்கினார்கள். தேடுவதையும் நிறுத்தவில்லை. பூட்ஸின் மேல் துணியுறையை மாட்டிக்கொண்டு கொட்டகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடக்கிறார்கள். உறையில் ஒட்டிய குப்பையை ஊறவைத்துக் கிருமி முளைக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஐரோப்பியச் சட்டப்படி முட்டைக் கோழிகளுக்குப் பதினைந்து வாரத்துக்கு ஒரு முறை இந்தச் சோதனை. 2003-ல் மறுபடி கடைகளில் பார்த்தபோது, 290 பெட்டிகளுக்கு ஒன்றில்தான் கிருமி இருந்தது. 2017-ல், சிங்க முத்திரை முட்டையைக் கர்ப்பிணிகளும் குழந்தைகளும்கூட அரைவேக்காடாகச் சாப்பிடலாம் என்று சர்க்காரே அறிவித்தது. ராஜினாமாவுக்கும் இதற்கும் இடையே இருபத்தொன்பது வருஷம்!

சிங்க முத்திரை அந்தத் தேசத்து முட்டைக்கு. நான் வாங்கும் முட்டைக்கு இல்லை. ஆகவே என் வீட்டில் முட்டை கெட்டியாக வேகிற வரையில் அடுப்பை விட்டு இறங்குவதில்லை. போன மாசம் ஊருக்குப் போயிருந்தபோது அத்தையிடம் இந்தக் கதை முழுவதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"அதெல்லாம் சரிடா. நீ நல்லாத்தானே இருக்கே?" என்றாள்.

அந்தக் கோழியும் பார்க்க நன்றாகத்தான் இருந்திருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.