வித்த காரைத் திரும்ப வாங்கின மனுஷன்

போன வாரம் ராத்திரி தூக்கம் வராம, பழைய வண்டி விக்கிற ஆப்ல ஆர்எக்ஸ் 100 தேடிக்கிட்டு இருந்தேன். எங்க அப்பா வச்சிருந்த வண்டி. டேங்க் மேல நான், பின்னாடி அம்மா, அம்மா மடியில தங்கச்சின்னு மதுரை முழுக்கச் சுத்தியிருக்கோம். 2006ல நாங்க வளர்ந்துட்டோம், வண்டி வளரல. வித்துட்டு ஒரு செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினார். மறுநாள் காலையில அப்பாவுக்கு போன் பண்ணி, "நல்ல கண்டிஷன்ல ஒண்ணு இருக்குப்பா, வாங்கித் தரவா?"ன்னு கேட்டேன். அவர் சொன்ன பதிலைக் கடைசியில சொல்றேன். அதுக்கு முன்னாடி ஒரு கதை.

கதாநாயகன் ஸ்டீவ் மெக்வீன், ஹாலிவுட் நடிகர். "கார்ஸ்" படத்துல வர்ற லைட்னிங் மெக்வீன் இவர் பேர்ல வந்ததுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. இல்லை, அது கிளென் மெக்வீன்ங்கிற பிக்சார் அனிமேட்டரோட பேர். நம்ம ஆளு 1930ல பிறந்தவர். அப்பா குழந்தையிலேயே விட்டுட்டுப் போயிட்டார். டீன் ஏஜ்ல கொஞ்ச காலம் சீர்திருத்தப் பள்ளியில இருந்தார். 1958ல டிவி தொடர் மூலமா பேரும் பணமும் வர ஆரம்பிச்சப்போ அவருக்கு 28 வயசு. கிட்டத்தட்ட என் வயசு. அந்த வருஷம்தான் 5,000 டாலர் கொடுத்து ஒரு செகண்ட் ஹேண்ட் ஜாகுவார் எக்ஸ்கேஎஸ்எஸ் வாங்கினார்.

அந்தக் கார் பிறந்த விதமே ஒரு எபிசோடுக்குத் தாங்கும். ஜாகுவார் கம்பெனிக்கிட்ட டி-டைப்னு ஒரு ரேஸ் கார் இருந்துச்சு. 1955, 56, 57ன்னு தொடர்ந்து மூணு வருஷம் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை ஜெயிச்ச வண்டி. ஆனா 1956 முடிவுல கம்பெனி தன் சொந்த ரேஸ் டீமைக் கலைச்சிடுச்சு. விக்காம 25 வண்டி மிச்சம். என்ன பண்றது? டிரைவர் தலைக்குப் பின்னாடி இருந்த துடுப்பை எடுத்தாங்க. ரெண்டு சீட்டுக்கு நடுவுல இருந்த தடுப்பை எடுத்தாங்க. பக்கத்து சீட்டுக்கு ஒரு கதவு, முழு அகலத்துக்குக் கண்ணாடி, மேல மடக்குற மாதிரி ஒரு கூரை, பின்னாடி பெட்டி வைக்க ஒரு கேரியர். ரேஸ் கார் ரோட்டுக் கார் ஆயிடுச்சு. நம்ம பாஷையில சொன்னா, டெஸ்ட் சர்வர்ல ஓடினதை அப்படியே புரொடக்‌ஷன்ல போட்டுட்டாங்க.

1957 பிப்ரவரி 12, ராத்திரி. கோவென்ட்ரி நகரத்துல பிரவுன்ஸ் லேன் தொழிற்சாலையில தீ. ஒன்பது வண்டி அதுல போச்சு. கடைசியா உருவானது மொத்தமே 16 எக்ஸ்கேஎஸ்எஸ்தான்.

அதுல ஒண்ணைத்தான் மெக்வீன் வாங்கினார். வெள்ளையா இருந்ததைக் கரும்பச்சையா மாத்தினார். டேஷ்போர்டுல திறந்து கிடந்த பெட்டிக்கு, வான் டச்னு பேர் வாங்கின கஸ்டம் கார் கலைஞர்கிட்ட சொல்லி ஒரு மூடி செஞ்சு மாட்டினார். லாஸ் ஏஞ்சலஸ் மலைப்பாதைகள்ல விரட்டுனார். பச்சை எலின்னு செல்லப் பேர் வேற.

அப்புறம் 1960கள் முடியிற நேரத்துல வித்துட்டார். வாங்கினவர் பில் ஹாரா. நெவாடாவுல சூதாட்ட விடுதிகள் நடத்தினவர், பெரிய கார் கலெக்டர். கார் மியூசியத்துக்குப் போயிடுச்சு. அப்போ மெக்வீன் உச்ச நட்சத்திரம். எந்தக் காரை வேணும்னாலும் வாங்கலாம். ஆனா மனசு கேக்கல. 1977ல அதே காரைத் திரும்ப வாங்கிட்டார்.

சுவாரசியம் என்னன்னா, அதே வருஷம் டிசம்பர்ல இன்னொரு காருக்கும் கடிதம் எழுதறார். 1968ல வந்த "புல்லிட்" படத்துல சான் ஃபிரான்சிஸ்கோ மேட்டுல அவர் ஓட்டுற மஸ்டாங். அது 1974ல 6,000 டாலருக்கு ஒரு சாதாரணக் குடும்பத்துக்குப் போயிருந்துச்சு. அந்த வீட்டம்மா அதுலதான் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் எடுக்கப் போவாங்க. இவர் கேட்டது இவ்வளவுதான்: எனக்கு அந்தக் கார் வேணும், உங்களுக்கு வேற மஸ்டாங் பார்த்துத் தர்றேன், ரொம்ப விலை ஆகும்னா விட்டுடுவோம். அவங்க கொடுக்கல. வேற மஸ்டாங் அவங்களுக்கும் வேணாம்!

1980 நவம்பர்ல மெக்வீன் இறந்தார், வயசு 50. ஜாகுவார் கடைசி மூணு வருஷம் அவர்கிட்ட இருந்துச்சு. மஸ்டாங் அந்தக் குடும்பத்துக்கிட்டயே இருந்து, 2020 ஜனவரியில 34 லட்சம் டாலருக்கு ஏலம் போச்சு. புது பெயிண்ட் அடிக்கல, துருவோடயே வித்தாங்க. அந்தத் துருவும் அந்த விலைக்குள்ள சேர்த்திதான்.

கதையில இன்னும் ஒரு திருப்பம் இருக்கு. 2016ல ஜாகுவார் கம்பெனி, தீயில போன ஒன்பதுக்கு பதிலா ஒன்பது எக்ஸ்கேஎஸ்எஸ் புதுசா செய்யப்போறதா அறிவிச்சாங்க. பழைய வரைபடம், பழைய முறை, ஒவ்வொண்ணும் பத்து லட்சம் பவுண்டுக்கு மேல. ஒரு இன்ஜினியரா எனக்கு அது அற்புதமா தெரியுது. ஸ்பெக் ஒண்ணு, அளவு ஒண்ணு. கோடு அப்படியே இருக்கு. ஆனா ஹிஸ்டரி காலி. யாரும் அதை ஓட்டிட்டு ராத்திரி லேட்டா வீட்டுக்கு வந்ததில்லை, அதை வித்துட்டு வருத்தப்பட்டதில்லை.

இப்போ அப்பா சொன்ன பதில். "அது நம்ம வண்டியாடா?"

"இல்லப்பா, அதே மாடல்."

"அப்போ எதுக்கு?"

கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசல. அப்புறம் அவரே பழைய வண்டியோட நம்பரைச் சொன்னார். ஒரு எழுத்து தடுமாறல. என் போன் நம்பரை இன்னும் பேப்பர்ல எழுதி வச்சுப் பார்க்கிற மனுஷன்! வாங்கினவர் திருமங்கலம் பக்கம் மெக்கானிக்காம். திரும்ப விலைக்குக் கேக்கக் கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிட்டார். "அவர் புழங்கிக்கிட்டு இருப்பார். இருக்கா, ஓடுதான்னு மட்டும் பாரு. விட்டார்னா ஒரே ஒரு கிக் அடிச்சுட்டு வந்துடலாம்."

வர்ற ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பேரும் திருமங்கலம் போறோம். வண்டி இருந்தா அடுத்த எபிசோட்ல அந்தச் சத்தத்தை ரெக்கார்ட் பண்ணிப் போடுறேன். இல்லைன்னாலும் வந்து சொல்றேன்.